நகைச்சுவையில் நம் இல்லங்கள்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு விளக்கேற்றி வரும் இச்சங்கத்தின் மேடையில், கல்வியைக் குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். நாமோ சிரிப்பைக் குறித்துப் பேச இசைவு கேட்டோம். வெள்ளிவிழா நாளில் இது பொருந்துமா எனச் செயலாளர் ஐயுற்றார். பொருந்தும் என்பதைக் காட்டுவது நம் கடமை. சோற்றுக்கும் உடைக்கும் அடுத்தபடியாக நம் வீடுகளுக்குள் நாள்தோறும் நுழைவது சிரிப்பே. அது தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே நுழைகின்றது. அதனால் விளையும் நன்மையையும் தீமையையும் ஆராய்வது கல்வித் தொண்டின் ஒரு கூறே ஆகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் அது வசதி படைத்தோர் இல்லத்துப் பொருளாகவே இருந்தது. நம் தெருவினர் அடுத்த தெருவுக்குச் சென்று, சன்னலுக்கு வெளியே நின்று, கம்பிகளுக்கிடையே படம் பார்த்த காலத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கிய பின்னரே, நாம் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நம் பெட்டியில், நாம் விரும்பியதைக் காணும் நிலை பிறந்தது. அது சிறிய மாறுதல் அன்று.

அப்பெட்டியில் நம் மக்கள் பெரிதும் விரும்பிக் காண்பது எது? கணவன் மனைவி நகைச்சுவையே. கணவன் குடிப்பான், அல்லது வேலைக்குச் செல்லாது ஊர் சுற்றுவான், மனைவி துடைப்பத்தோடு வாயிலில் நிற்பாள், அடி விழும், அண்டை வீட்டார் கூடுவர், நாமும் சிரிப்போம். வேலைக் களைப்பில் வந்தவர்க்கு அச்சிரிப்பு மருந்தே. ஆயினும் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். அந்தத் துடைப்பக் காட்சி பெரும்பாலும் குடிசை வாயிலிலேயே நிகழ்கின்றது. மாளிகைகளிலும் கணவர் குடிப்பதுண்டு, மனைவியர் சினப்பதுண்டு. அங்கே அது குடும்பச் சிக்கல் எனப்படுகின்றது. நம் வாயிலில் நிகழ்ந்தால் நகைச்சுவை எனப்படுகின்றது.

உழைப்பாளர் இல்லறத்தை வைத்து நகைச்சுவைத் தொடர் ஆக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1955, 56ஆம் ஆண்டுகளில் 'தி ஹனிமூனர்ஸ்' என்னும் தொடர் ஒளிபரப்பாயிற்று. அரைமணி நேரப் பகுதிகளாக வந்தவை 39 மட்டுமே. ஆயினும் பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் அவை ஒளிபரப்பாயின. ரால்ப் என்னும் பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவி ஆலிசும் அதில் தலைமை மாந்தர். நியூயார்க்கு நகரில் வசதியற்ற சிறிய குடியிருப்பு அவர்களுடையது. விரைவில் பணக்காரனாக ரால்ப் ஏதேனும் ஒரு திட்டம் தீட்டுவார், அது கவிழும். சினத்தில் மனைவியைக் குத்தி நிலாவுக்கே அனுப்பிவிடுவதாக மிரட்டுவார். ஆலிசு அசைவதே இல்லை, ஓங்கிய கை இறங்குவதும் இல்லை. இறுதியில் தாமே தோற்று மன்னிப்புக் கேட்பார்.

அத்தொடரில் நாம் கருத்தூன்ற வேண்டியவர் வேறொருவர். ரால்பின் உயிர்த் தோழர் நார்ட்டன். அதே கட்டடத்தின் மேல்மாடியில் வாழ்பவர். அவர் தொழில் என்ன தெரியுமா? நகரத்தின் பாதாளச் சாக்கடைப் பணி. அத்தொழிலை வைத்து எத்தனையோ கேலிகள் அத்தொடரில் உண்டு. நார்ட்டனே தம் தொழிலைப் பெருமையாகப் பேசி நம்மைச் சிரிக்க வைப்பார். ஆனால் அவர் எந்நேரமும் ரால்பின் வீட்டுக்குள் வருவார். குளிர்பெட்டியைத் தாமே திறந்து உண்பார். அதே மேசையில் அமர்வார். அவரைக் கண்டு ஒருவரும் விலகி அமர்வதில்லை. கேலி உண்டு, விலக்கு இல்லை. அந்நாட்டிலும் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அக்காலத்தில் பெரிது. அதனை நாம் மறக்கவில்லை. ஆயினும் சாக்கடைப் பணி செய்பவர் என்பதற்காக ஒருவர் விருந்திலிருந்து விலக்கப்படவில்லை என்னும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

நம் நாட்டிலும் 1986இல் தெருமுனையில் கூடும் உழைப்பாளரைக் காட்டிய 'நுக்கட்', 1988இல் ஓர் எளிய எழுத்தர் குடும்பத்தைக் காட்டிய 'வாக்லே கி துனியா' ஆகிய தொடர்கள் தூர்தர்சனில் வந்தன. இரண்டாவது தொடர், ஓவியர் ஆர்.கே. லட்சுமண் படைத்த மாந்தரைக் கொண்டது. அவை இந்தி மொழித் தொடர்கள். தமிழில் இதற்கு மூலவர் யார் எனத் தேடினால், நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்திற்குச் சென்றால் போதும்.

திருவரங்கம் என்றவுடன் அரங்கனும் ஆழ்வார்களும் கம்பன் காவியம் அரங்கேறிய மண்டபமும் உலகோர் நினைவுக்கு வருவர். அதே தீவில் 1918இல் பிறந்த ஒரு பெண்மணி, தமிழ்நாட்டு ஏழை மக்கள் அனைவரையும் சிரிக்க வைத்தார். அவரே டி.ஏ. மதுரம் அம்மையார். அவர் பெயரின் முன்னெழுத்தில் நம் திருச்சிராப்பள்ளி நிற்கின்றது. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் வறிய குடும்பத்திற் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவனாய் இருந்து, பின்னர் நடிகராய் உயர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் அவர்களும் மதுரம் அம்மையாரும் 1936இல் 'வசந்தசேனா' படத்தில் இணைந்தனர், வாழ்க்கையிலும் இணைந்தனர். அன்று முதல் 1957இல் கலைவாணர் மறையும் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் திரையின் கணவன் மனைவி என்றால் அவ்விருவரே. இன்று தொலைக்காட்சித் தொடர் நாள்தோறும் செய்வதை, அவர்கள் படந்தோறும் செய்தார்கள். படத்தின் பெயர் மாறும். தொழிலும் ஊரும் மாறும். அந்தத் தம்பதியர் மாறுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. அக்காலத் திரைப்படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகள், அரசர் கதைகள். உழைத்து உண்ணும் மனிதனுக்கு அங்கே தலைவாசலில் இடமில்லை. கலைவாணர் தமக்கென ஒரு குழுவை அமைத்து, நகைச்சுவைப் பகுதியைத் தாமே தனியாக ஆக்கி, அதனைப் பெருங்கதையோடு இணைத்தார். அரண்மனையில் அரசனும் அரசியும் உயர்ந்த நடையில் உரையாடிக்கொண்டிருக்க, பக்கத்துத் தெருவில் ஒரு தொழிலாளியும் அவன் மனைவியும் நம்மைப் போல் பேசினார்கள், பணத்திற்காகச் சச்சரவிட்டார்கள், பின் கூடினார்கள். உழைக்கும் இல்லறம் தமிழ்த் திரைக்குள் பக்கவாசல் வழியே, நகைச்சுவையின் கைபிடித்து நுழைந்தது. பக்கவாசல் என்பது எதுவென நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் எத்தனையோ கோயில்களில் அந்த வாசலைக்கூடக் கண்டதில்லை.

மதுரம் அம்மையார் திரையில் அடிவாங்கி அழும் மனைவியாக நிற்கவில்லை. கணவன் சொல்லுக்குச் சொல் மறுமொழி தந்தார். அவன் அறியாமையைச் சுட்டினார். அவனிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்கவும் செய்தார். வாழ்க்கையிலும் அவ்வாறே உறுதி காட்டினார். 1944இல் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணரும் எம்.கே. தியாகராச பாகவதரும் கைது செய்யப்பட்டு, 1945இல் தண்டனை பெற்றனர். மதுரம் அம்மையார் கணவரின் நாடக மன்றத்தைக் கலைய விடாது காத்தார். 'பைத்தியக்காரன்' படம் அம்மன்றத்தின் முயற்சியாலேயே உருவாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டது. 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். திரையில் எதிர்வாதம் புரிந்த மனைவிதான், வாழ்வில் கணவனுக்காக வாதாடிய மனைவி. இதை நம் பெண்மக்கள் அறிதல் வேண்டும்.

அடுத்து 'கிந்தனார்' குறித்து ஒரு சொல். 1949இல் பேரறிஞர் அண்ணாவின் கதை வசனத்தில் 'நல்லதம்பி' வெளியாயிற்று. அதில் கலைவாணர் ஒரு காலட்சேபம் நிகழ்த்துகின்றார். நந்தனார் கதையை யாவரும் அறிவீர். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் புகுத்தினார். நிலமெல்லாம் விளைவித்துத் தந்தால்தான் தில்லைக்குப் போகலாம் என்று அவ்வேதியர் நந்தனைத் தடுக்கின்றார். முடிவில் நந்தன் தீப்புகுந்தே உள்ளே செல்ல முடிகின்றது. கலைவாணரின் கிந்தன் தில்லைக்குப் போக விரும்பவில்லை. பட்டணம் சென்று படிக்க விரும்புகின்றான். தீயில் இறங்கவில்லை, புகைவண்டியில் ஏறுகின்றான். கற்றுத் தேர்ந்து, கல்வித் துறை அதிகாரியாய்த் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்புகின்றான். அன்று தன்னை அடித்த ஆசிரியர் முன் நிற்கின்றான்.

அன்பர்களே, அந்தக் காலட்சேபத்தில் சிரிப்புக்கு இலக்காகுபவர் யார்? கிந்தன் அல்லன், அவனை ஒதுக்கிய உலகமும் அவனை அடித்த வாத்தியாருமே. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் அதைக் கேட்கும்போதெல்லாம் சிறிது நெளிவதுண்டு. நெளிய வேண்டும். அதுவே நல்ல நகைச்சுவைக்கு அடையாளம்.

1956இல் 'மதுரை வீரன்' வெளியாயிற்று. எம்.ஜி.ஆர். வீரனாக நடிக்க, காட்டில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதியராகக் கலைவாணரும் மதுரமும் நடித்தனர். அருந்ததியர் இல்லமொன்று ஒரு காவிய நாயகனின் வீடாகத் திரையில் காட்டப்பட்டது பெரிதே. ஆனால் குறையையும் கூறிவிட வேண்டும். அக்கதையில் வீரன் அந்த வீட்டில் வளர்ந்தவனே அன்றிப் பிறந்தவன் அல்லன். பிறப்பால் அவன் அரசன் மகன். வீரம் நம் வீட்டில் வளரலாம், பிறத்தல் ஆகாது என்று கதை கட்டியோர் எண்ணினர் போலும்! வளர்த்த தாய் தந்தையர் நகைச்சுவைக்கு உரியோராகவும், பெற்றோர் பெருமைக்கு உரியோராகவும் பிரிக்கப்பட்டனர். கலைவாணர் தம்பதியர் தம் நடிப்பால் அவ்வளர்ப்புப் பெற்றோர்க்கு அன்பும் அழகும் ஊட்டினர். கதையின் அடிப்படையை மாற்ற அவர்களால் இயலவில்லை.

இனி, நாம் இத்தலைப்பை எடுத்ததன் காரணத்தைக் கூறுகின்றோம். அது நம் குற்றத்தைக் கூறுவதேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆண்டுவிழா. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரு நகைச்சுவை நாடகம் நடத்தினர். தொலைக்காட்சியில் கண்டதைப் பார்த்து அமைத்தது. கணவன் குடிகாரத் துப்புரவுத் தொழிலாளி, மனைவி வாயாடி. ஒத்திகையை நாம் பார்க்கவில்லை. நேரமில்லை என்று விட்டுவிட்டோம். கணவனாக நடித்த சிறுவன் துப்புரவுப் பணியாளரின் மேற்சட்டையை அணிந்து மேடைக்கு வந்தவுடன், உடன் நடித்த மூவர் மூக்கைப் பிடித்துக்கொண்டனர். அரங்கம் அதிர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமன்றோ? முதல் வரிசையில் அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம். பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து சென்றதைக் கண்டோம். பேருந்துக்கு நேரமாயிற்றுப் போலும் என எண்ணினோம்.

மறுநாள் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. நான்கு நாள் வரவில்லை. வகுப்பில் கணிதத்தில் முதல்வளாக வரும் பெண். ஐந்தாம் நாள் மாலை நாம் அவள் இல்லம் சென்றோம். அவளுடைய தாய் துப்புரவுப் பணியாளர் என்பதை, பதிவேட்டில் எழுதியிருந்தும், அன்றுதான் உணர்ந்தோம். நமக்கு நாற்காலி போட்டுவிட்டு அத்தாய் நின்றுகொண்டே பேசினார். அவர் சொற்களை அவர் சொன்னவாறே கூறுகின்றோம்.

"சார், எங்க வீட்டுக்காரரு குடிப்பாரு. நாங்களும் சண்டை போடுவோம். அதைப் பாத்துச் சிரிச்சா நானும் சேந்து சிரிப்பேன். ஆனா அந்தச் சட்டையைப் பாத்ததும் புள்ளைங்க மூக்கைப் புடிச்சாங்களே, அதுக்குத்தான் சார் எல்லாரும் சிரிச்சாங்க. எம் பொண்ணு எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு."

வேறொன்றும் அவர் சொல்லவில்லை; நம்மைக் குறைகூறவும் இல்லை. தேநீர் கொடுத்தார். அதைக் குடிக்கும்வரை அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பார்த்தார் என்பதை இந்த அவையில் நாம் விளக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில், இகழ்ச்சி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, வெகுளித்தனம் என நான்கிலிருந்து சிரிப்புப் பிறப்பதாக வகுக்கின்றார். இகழ்ச்சிச் சிரிப்பை உரையாசிரியர் இரண்டாகப் பிரிப்பர்: தான் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை இகழும்போது தான் சிரிப்பது மற்றொன்று. முப்பது ஆண்டுகள் மாணவர்க்குத் தமிழ் இலக்கியம் பயிற்றிய நமக்கு, அந்த இரண்டாவது சிரிப்பின் பொருள் அத்தாயின் வீட்டில்தான் விளங்கிற்று. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்து வந்தது அச்சிரிப்பே. பண்ணையார் கேலி செய்யும்போது தலைசொறிந்து சிரித்தோம். சிரிக்காவிட்டால் வேலை போய்விடும். இன்று வேலை போகாது; ஆயினும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கின்றோம்.

இப்பொழுது நார்ட்டனை நினைவுகூருங்கள். சாக்கடைப் பணியாளரைக் கேலி செய்யலாம். கேலி செய்தவர் அவரோடு ஒரே மேசையில் உண்பவராயின் அது நட்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யும் கேலியோ தீண்டாமையின் மறுபெயர். மலக்கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் வாளியைக் கையிலிருந்து அகற்றலாம். மூக்கிலிருந்து விரலை அகற்றுவது கல்வியின் வேலை. அந்த வேலையில் நாம் தவறினோம்.

அம்மாணவி மறுவாரம் பள்ளிக்கு வந்தாள். நாம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் எதுவும் குறிப்பிடாது, நாடகத்தைப் பார்வையிடாமல் விட்டது நம் பிழை என்றும், சிரித்தது அதனினும் பெரும் பிழை என்றும் மாணவர் முன் ஒப்புக்கொண்டோம். நாடகத்தில் நடித்த சிறுவர் தீயவர் அல்லர். அவர்களுள் இருவர் நம் தெருப் பிள்ளைகளே. அவர்களுக்கு அதைக் கற்பித்தது எது என்பதே வினா. அடுத்த ஆண்டு அவர்களே மற்றொரு நாடகம் எழுதினர். கணவன் மனைவி இருவரும் சம்பள நாளன்று கடன் கணக்குப் பார்க்கும் கதை. கூட்டிக் கூட்டிப் பார்த்தும் நூறு ரூபாய் இடிக்கும். அம்மாணவி நடிக்க மறுத்துவிட்டாள். ஆனால் எழுதிய தாளை வாங்கி, கணக்கைத் திருத்தித் தந்தாள். துப்புரவுப் பணியாளர் சம்பளத்தில் எதெது பிடித்தம் ஆகும் என்பதை அவளன்றி வேறு யாரும் அறிந்திருக்கவில்லை. அந்த நாடகத்திற்கும் அரங்கம் சிரித்தது. தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அது தம் வீட்டுக் கணக்கு என்று அறிந்து சிரித்த சிரிப்பு.

அப்பெண் இன்று இச்சங்கத்தின் மாலை வகுப்பில் கணிதம் கற்பிக்கின்றார். பெயரைச் சொல்ல வேண்டா எனக் கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. இந்நிகழ்ச்சியைச் சொல்ல அவரும் அவர் அன்னையாரும் இசைவு தந்தனர். அதற்கு நன்றி.

ஆகவே நாம் மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கின்றோம். ஒன்று, ஆசிரியர்களுக்கு: பள்ளி மேடையேறும் ஒவ்வொரு நாடகத்தின் ஒத்திகையையும் இறுதிவரை அமர்ந்து பாருங்கள். நாடகத்தில் கேலி செய்யப்படுபவரின் பிள்ளை அரங்கில் இருந்தால் அப்பிள்ளை சிரிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, பெற்றோர்களுக்கு: தொலைக்காட்சியை நிறுத்துங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை, உழைத்து வந்தவரின் சிரிப்பைப் பறிப்பது பாவம். பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். இழிவான காட்சி வந்தால், "இது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது" என்று ஒரு சொல் கூறுங்கள். அந்த ஒரு சொல் ஓராண்டுப் பாடத்திற்கு ஈடாகும். மூன்று, இச்சங்கத்தாருக்கு: நம் இல்லங்களின் நகைச்சுவையை நாமே எழுதவேண்டும். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவரும், தீவின் வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்பவரும், பொன்மலைப் பணிமனைக்குச் செல்பவரும் தம் மனைவியரோடு பேசும் பேச்சில் இல்லாத நகைச்சுவையா? அதனைத் திரட்டி ஆண்டுதோறும் ஒரு நாடகமாக ஆக்குங்கள். மாலை வகுப்பு மாணவரே எழுதட்டும், நடிக்கட்டும்.

திருவரங்கத்து மதுரம் அம்மையாரும் ஒழுகினசேரிக் கலைவாணரும் பக்கவாசல் வழியே உழைப்பாளர் இல்லறத்தைத் திரைக்குள் கொண்டுவந்தார்கள். தலைவாசலைத் திறப்பது அடுத்த தலைமுறையின் பொறுப்பு. கிந்தன் ஏறிய வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. நம் பிள்ளைகள் அதில் ஏறும்போது, தாய் தந்தையரின் தொழிலை ஒளித்து வைத்துக்கொண்டு ஏறாமல், அவர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு ஏறும் நாள் வருமாயின், அன்றே இச்சங்கத்தின் பணி முழுமை பெறும்.